சொல்லாமல் வைத்த ரிப்போர்ட்

பிப்ரவரி 3

பாப்பாவின் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நீங்கள் நலமில்லை என்பது ஊருக்கெல்லாம் தெரிந்து கடைசியாக எனக்குத் தெரிந்திருப்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

நேற்று பாப்பா போன் செய்தாள். பேரனுக்குப் பல் முளைத்த கதையெல்லாம் சொல்லிவிட்டு, பேச்சோடு பேச்சாக, "அப்பாவுக்குத் தையல் பிரிச்சாச்சாம்மா" என்றாள். "என்ன தையல்?" என்று கேட்டேன். "அய்யோ, அம்மாகிட்ட சொல்லாதேன்னு சொன்னாரே" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். கடல் தாண்டி இருக்கிறவள் அழுகிறாள், இங்கே இருக்கிற நான் அவளைத் தேற்றுகிறேன். விஷயம் என்ன என்றே எனக்குத் தெரியாது!

வலது சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்களாம். கட்டியாம். புற்றாம். ஒவ்வொரு வார்த்தையாக அவளிடமிருந்து பிடுங்க வேண்டியிருந்தது.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் நம் இருவருக்கும் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடும். வெட்டுக் காயத்தோடு இருக்கிறவரிடம் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எப்படித் தெரிந்தது? யார் கூட இருந்தார்கள்? ஆபரேஷனுக்குக் கையெழுத்து யார் போட்டது? மூன்றாவது மாடி ஏறிப் போகிறீர்களா இன்னும்? லிஃப்ட் மெக்கானிக் லிஃப்ட் இல்லாத வீட்டில் குடியிருப்பதைப் பற்றி நான் சொன்ன காலத்திலேயே கேட்டிருக்கலாம்.

எதற்கும் பதில் எழுத மனமில்லை என்றால், உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரியாவது போடவும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


பிப்ரவரி 14

பாப்பாவின் அம்மாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன்.

பாப்பாவைத் திட்டாதே. அவள் இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததே அதிசயம். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

போன வருடக் கடைசியில் சிறுநீர் சிவப்பாகப் போனது. வெயிலில் அலைந்ததால் சூடு என்று நினைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒரு ஸ்கேன் சென்டரில் லிஃப்ட் நின்றுபோனது என்று கூப்பிட்டார்கள். வேலை முடிந்ததும் அங்கே இருந்த ஆளிடம் சும்மா பேச்சுக்குச் சொன்னேன். "வந்தது வந்துட்டீங்க, படுங்க பாத்துடலாம்" என்றார். பார்த்தவர் முகம் மாறிவிட்டது. லிஃப்ட்டைச் சரிசெய்யப் போய் நானே பழுது என்று தெரிந்துகொண்டு வந்தேன்.

கையெழுத்துப் போட்டது எங்கள் சூப்பர்வைசர். உறவுமுறை என்று இருந்த இடத்தில் 'நண்பர்' என்று எழுதினார். நர்ஸ் என்னைப் பார்த்து, "வீட்ல யாரும் இல்லையா சார்?" என்றாள். வெளியூரில் இருக்கிறார்கள் என்றேன். அது பொய் இல்லையே.

கட்டி முழுசாக வந்துவிட்டது. சுற்றி எங்கேயும் பரவவில்லை என்கிறார்கள். ஆனால் கதை அதோடு முடியவில்லை. இங்கே ஒரு டாக்டரம்மா இருக்கிறார், நம் பாப்பா வயதுதான் இருக்கும், பேச்சில் நிறுத்தற்குறியே கிடையாது. அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன். ஒரே அளவுக் கட்டியை எடுத்த பத்துப் பேரில் சிலருக்குச் சில வருடம் கழித்து நுரையீரலிலோ எலும்பிலோ திரும்ப வருமாம். மற்றவர்களுக்கு வராதாம். கட்டியின் அளவை மட்டும் பார்த்து யாருக்கு வரும் என்று சொல்ல முடியாதாம். அதனால் வெட்டி எடுத்த கட்டியை மெல்லிய சீவலாகச் சீவி, சாயம் போட்டு, உள்ளே இருக்கிற சில புரதங்களைப் பார்க்கிறார்கள். செல் வளர்வதற்கும் நிற்பதற்கும் அவைதான் உத்தரவு கொடுக்குமாம். எத்தனை புரதம் தாறுமாறாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். எனக்கு நம் தொழில் போலத்தான் பட்டது. லிஃப்ட்டைத் தூக்குகிற கம்பி வடத்தைத் தடவிப் பார்த்து எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று எண்ணுவோம். எந்த நாள் அறும் என்று சொல்ல முடியாது. ஆபத்து எவ்வளவு என்று சொல்லலாம்.

"ரிசல்ட் வர ஒரு மாசம் ஆகும். சில பேர் தெரிஞ்சுக்க வேண்டாம்னு சொல்லிடுவாங்க. உங்களுக்குத் தெரியணுமா சார்?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

நீ என்ன சொல்கிறாய்?

பாப்பாவின் அப்பா


பிப்ரவரி 22

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். நான் என்ன சொல்கிறேன் என்று நீங்கள் கேட்டது எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் முறை.

தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களில் பலர், பவர் ஏறியிருக்கிறதா என்று கேட்கவே பயப்படுவார்கள். பழைய கண்ணாடியையே போட்டுக்கொண்டு போர்டைப் பார்த்துத் தடவுவார்கள். கேட்காமல் இருந்தால் ஏறின பவர் இறங்கிவிடுமா?

இங்கே வேலை அதிகம். நாள் முழுக்கக் குனிந்து லென்ஸ் தேய்த்துத் தேய்த்துக் கழுத்து வலி நிரந்தரமாகிவிட்டது. முதலாளி நல்லவர், ஆனால் "இந்த ஒண்ணு மட்டும் முடிச்சுக் குடுத்துடுங்கம்மா" என்று சொல்லாத நாள் இல்லை. வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கே உட்கார வேண்டியிருக்கிறது. வயதாகிவிட்டது நமக்கு. என்னிடம் சிறுநீரகம் இரண்டு இருக்கிறது, கழுத்துத்தான் இல்லை. உங்களிடம் கழுத்து இருக்கிறது.

நான் ஒன்றும் ஆத்திரத்தில் இங்கே வந்தவள் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். என் அம்மாவுக்கு முடியவில்லை என்று வந்தேன். அம்மா போன பிறகு, எப்போது திரும்புகிறாய் என்று நீங்கள் கேட்கவில்லை. திரும்பட்டுமா என்று நானும் கேட்கவில்லை. பிரிந்துவிட்டோம் என்று இன்று வரை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. எட்டு வருடம் இப்படியே ஓடிவிட்டது.

ரிசல்ட் வந்த அன்றே எழுதவும். உப்பைக் குறைக்கவும்.

பாப்பாவின் அம்மா


மார்ச் 19

பாப்பாவின் அம்மாவுக்கு,

ரிசல்ட் வந்துவிட்டது. டாக்டரம்மா எதிரே உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினார். எனக்குத் தெரியும் இப்போது.

உனக்குச் சொல்லப் போவதில்லை.

கோபப்படாதே. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

பாப்பாவின் அப்பா


மார்ச் 27

என்ன மனுஷன் நீங்கள்?

பெயருக்குக்கூட ஒரு மரியாதை வரி எழுதப் பிடிக்கவில்லை எனக்கு. தெரிந்துகொள்ளட்டுமா என்று என்னைக் கேட்பீர்கள், ஆமாம் என்று சொல்வேன், தெரிந்ததும் வாயில் பூட்டுப் போட்டுக்கொள்வீர்கள். பழைய கம்பெனியை மூடினபோதும் இதேதான். தினமும் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு பார்க்கில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தீர்கள். பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

பாப்பாவிடம் கேட்டேன். "எனக்கும் சொல்லலைம்மா. நல்லா இருக்கேன்னு மட்டும்தான் சொல்றாரு. அவரு எப்பவும் அப்படித்தானே சொல்லுவாரு" என்றாள். ஆஸ்பத்திரிக்கே போன் செய்தேன். கவுண்டரில் ஒரு பெண், "நீங்க யாரு மேடம்?" என்றாள். மனைவி என்றேன். "அப்ப அவர்கிட்டயே கேளுங்களேன்" என்று வைத்துவிட்டாள். அவள் மேல் தப்பில்லை.

நல்லதாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள். நல்ல செய்தியை யாராவது ஒளித்து வைப்பார்களா? அப்படியென்றால் என்ன என்று எனக்குப் புரிகிறது. அதை நினைத்துக்கொண்டேதான் லென்ஸ் தேய்க்க உட்கார்ந்தேன். இன்று இரண்டு லென்ஸை உடைத்தேன். இத்தனை வருடத்தில் உடைத்ததில்லை.

நேராகச் சொல்லுங்கள். எத்தனை புரதம் தப்பாக இருக்கிறது?

பாப்பாவின் அம்மா


ஏப்ரல் 8

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். வேலைக்குத் திரும்பியிருக்கிறேன். எடை தூக்கக் கூடாது என்பதால் புகார் போனை எடுக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். "சார், லிஃப்ட் மாட்டிக்கிச்சு, உள்ள நாலு பேர் இருக்காங்க" என்று கத்துவார்கள். "பதறாதீங்க, ஆள் வந்துட்டிருக்கு" என்று சொல்ல வேண்டும். நாள் முழுக்க இதையே சொல்லிச் சொல்லி, சாயங்காலம் எனக்கே யாராவது இதைச் சொன்னால் தேவலை என்று தோன்றுகிறது.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். யோசித்துப் பார். ரிசல்ட் நல்லது என்று சொன்னால், அப்பாடா என்று பெருமூச்சு விட்டுவிட்டு உன் வேலையைப் பார்ப்பாய். மோசம் என்று சொன்னால், பாவம் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவாய். இரண்டுமே ரிப்போர்ட்டுக்குச் சொல்கிற பதில். எனக்குச் சொல்கிற பதில் இல்லை. கட்டியிலிருந்து சீவின சீவலைப் பார்த்து நீ முடிவு செய்வதில் எனக்கு விருப்பம் இல்லை.

எழுதிப் பார்த்தால் பெரிய மனுஷன் பேச்சு மாதிரி இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

முதல் ஸ்கேன் ஜூலை மாதம் எட்டாம் தேதி. தகவலுக்காக எழுதுகிறேன். வேறொன்றும் இல்லை.

பாப்பாவின் அப்பா


ஜூன் 26

பாப்பாவின் அப்பாவுக்கு,

லீவு சொல்லிவிட்டேன். ஏழாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், வழி தெரியும்.

வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் தூக்காதீர்கள். இருக்கிறபடி இருக்கட்டும்.

எதுவும் கேட்க மாட்டேன். நீங்கள் சொல்ல விரும்பவில்லை, சரி. தெரியாமலே வருகிறேன்.

பாப்பாவின் அம்மா


ஜூலை 15

பாப்பாவின் அப்பாவுக்கு,

ஸ்கேன் முடிந்து வீட்டுக்கு வந்ததும், கடையில் அவசரம் என்று சொல்லி அன்றைக்கே சாயங்கால ரயிலைப் பிடித்தேன். நீங்கள் வாசலில் நின்று, "ரெண்டு நாள் இருப்பேன்னு நினைச்சேன்" என்றீர்கள். அதற்குப் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது.

முதலில் உங்கள் வீட்டைப் பற்றி. ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஜன்னல் ஓரம் ஒரே ஒரு நாற்காலி. நான் வந்ததும் பக்கத்து வீட்டில் ஒரு நாற்காலி இரவல் வாங்கி வந்தீர்கள். அதைத் துடைத்துத் துடைத்துப் போட்டீர்கள். இந்த மனிதரை இப்படியா விட்டுவிட்டுப் போனோம் என்று என்னையே நொந்துகொண்டேன். மாடி ஏறும்போது பாதியில் நின்று, ஏதோ சுவரைப் பார்ப்பது போல மூச்சு வாங்கினீர்கள். அதையும் பார்த்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் உடுப்பு மாற்ற உங்களை உள்ளே அழைத்துக்கொண்டு போனார்கள். உங்கள் சட்டையும் கைக்கடிகாரமும் என் மடியில் இருந்தன. அப்போதுதான் அந்த டாக்டரம்மா வந்தார். நீங்கள் எழுதியது சரி, நிறுத்தற்குறியே கிடையாது. "நீங்க சாரோட மிஸஸா? இப்பதாம்மா உங்களைப் பார்க்கிறேன், ஏன் இவ்வளவு பயந்து போய் உக்காந்திருக்கீங்க, அதான் ரிசல்ட் அப்பவே நல்லா வந்துடுச்சே" என்றார்.

எனக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "என்ன ரிசல்ட்?" என்றேன்.

"புரத டெஸ்ட்டும்மா. பார்த்ததுல ஒண்ணே ஒண்ணுதான் கொஞ்சம் முன்னபின்ன இருந்துச்சு. மத்ததெல்லாம் ஒழுங்கா இருக்கு. திரும்ப வர்ற வாய்ப்பு கம்மின்னு மார்ச்லயே சொல்லிட்டேனே. அதனாலதான் ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன் போதும்னு விட்டேன். மோசமா இருந்திருந்தா அடிக்கடி கூப்பிட்டிருப்பேன், மருந்து ஆராய்ச்சியில சேத்திருப்பேன். சார் சொல்லலையா?"

"சொன்னார். எனக்குத்தான் சரியா புரியலை" என்றேன். அந்தப் பெண்ணின் முன்னால் உங்களை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அவர் போனதும் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அது சந்தோஷ அழுகைதான், பொய் சொல்ல மாட்டேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து உங்களுக்குச் சட்டையைப் போட்டுவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் கோபம் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெயில் படுகிறதா என்று கேட்டு, இடம் மாறி உட்காரச் சொன்னீர்கள்.

மார்ச்சிலிருந்து ஜூலை வரை நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குத் தெரியுமா? ஏப்ரலிலேயே முதலாளியிடம் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை, கூட இருந்து பார்க்க வேண்டியிருக்கும், வேறு ஆள் பாருங்கள் என்றேன். அவர் ஒரு பெண்ணைச் சேர்த்தார், அவளுக்கு நானே வேலை கற்றுக்கொடுத்தேன். எலும்புக்குப் போனால் எங்கே வலிக்கும், நுரையீரலுக்குப் போனால் எப்படி இருமுவார்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். உங்களைப் படுக்கையில் போட்டுப் பார்த்து, தூக்கி உட்காரவைத்து, கடைசி வரைக்கும் போய்விட்டு வந்துவிட்டேன் மனதுக்குள்ளேயே. ஒரு மனுஷனுக்கு இத்தனை முறை சாவு நடத்தினால் உடம்பில் என்ன மிச்சம் இருக்கும், சொல்லுங்கள்.

திரும்பி வந்த மறுநாள், வேலையை விடவில்லை என்று முதலாளியிடம் சொன்னேன். "நல்லா இருக்காரா? நல்ல செய்திதானேம்மா, ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார். இப்போது ஒரு மெஷினுக்கு இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறோம். அந்தப் பெண் என்னைப் பார்க்கிற பார்வையில் ஒரு பயம். அவள் வேலைக்கு நான் உலை வைத்துவிடுவேனோ என்று.

ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்று எழுதினீர்களே. அதைப் படித்து உங்கள் மேல் ஒரு மதிப்பு வந்தது எனக்கு. அதுவும் போச்சு. மோசம் என்று நான் தப்பாக எண்ணிக்கொண்டது உங்களுக்குத் தெரியும். என் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். அதைத் திருத்த ஒரு வரி போதும். நீங்கள் எழுதவில்லை. அந்தத் தப்பு உங்களுக்குத் தோதாக இருந்தது.

நான் வர வேண்டும் என்றால் வா என்று கேட்கலாம். அதற்குப் புற்று எதற்கு?

சண்டை போட எனக்கு இப்போதும் தெம்பில்லை. இனி நானாக எழுத மாட்டேன். உங்கள் உடம்பு நன்றாக இருக்கிறது, அது போதும். மாத்திரைகளை ஜன்னலில் வைக்காதீர்கள், வெயில் படுகிறது.

பாப்பாவின் அம்மா


ஆகஸ்ட் 30

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருந்தால் அதிலும் ஏதாவது சாமர்த்தியம் பண்ணியிருப்பேன். அதனால்தான் இவ்வளவு தாமதம்.

நீ எழுதியது அத்தனையும் சரி. மறுக்க ஒரு வரி இல்லை.

ரிசல்ட் வந்த அன்று நல்ல செய்தி என்றுதான் முதலில் எழுதினேன். எழுதி முடித்து, அதற்கு நீ என்ன பதில் போடுவாய் என்று யோசித்தேன். 'சந்தோஷம், உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்' என்று போடுவாய். அதற்கு மேல் எழுத உனக்கும் ஒன்றும் இருக்காது, எனக்கும் ஒன்றும் இருக்காது. பிப்ரவரியில் உன் முதல் கடிதம் வந்ததிலிருந்து தபால்காரர் வருகிற நேரத்துக்கு மாடியிலிருந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தேன். நல்ல செய்தி அதை நிறுத்திவிடும் என்று பயந்தேன். கிழித்துவிட்டு, சொல்ல மாட்டேன் என்று எழுதினேன். அடுத்த கடிதத்தில் அதற்குப் பெரிய காரணமாக ஒன்று கட்டினேன். கட்டின பிறகு எனக்கே அது உண்மை மாதிரி இருந்தது. நீ லென்ஸ் உடைத்தேன் என்று எழுதினாயே, அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

உனக்குள் நான் அத்தனை முறை செத்தேன் என்பதைப் படித்துவிட்டு அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். அந்தப் பெண்ணின் வேலை என்ன ஆயிற்று? அதுவும் என்னை உறுத்துகிறது.

போன வாரம் டாக்டரம்மாவைப் பார்த்தேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. "வாய்ப்பு கம்மிதான் சார், அதுக்காக வரவே வராதுன்னு நான் எழுதிக் குடுக்க முடியாது. ஸ்கேனை மட்டும் விட்டுடாதீங்க" என்றார். அதையும் சேர்த்தே உனக்குச் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னது முழுசும் இவ்வளவுதான். பாக்கி எதுவும் என்னிடம் இல்லை.

அந்த மூன்றாவது மாடியைக் காலி செய்துவிட்டேன். தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்தது. கொஞ்சம் இருட்டு, சமையலறை சின்னது, தெருச் சத்தம் கேட்கும். வீட்டுக்காரர் எத்தனை பேர் என்று கேட்டார். தெரியவில்லை என்று சொன்னேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

உனக்கு அங்கே வேலை இருக்கிறது, வாழ்க்கை இருக்கிறது. என்னோடு இருப்பது சுலபம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். சமைத்துப் போட ஆள் வேண்டும் என்று எழுதவில்லை, இப்போது ஓரளவு சமைக்கிறேன். எனக்கு வலி இல்லை. காய்ச்சல் இல்லை. பசிக்கிறது, தூக்கம் வருகிறது. ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது.

நல்லாத்தான் இருக்கேன். இருந்தாலும் வா.

பாப்பாவின் அப்பா